ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி: பழைய கட்டடங்களை ஒரே நாளில் ஒழுங்காகப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கொச்சிக்குப் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "சீன வலை பார்த்தோம், சர்ச் பார்த்தோம், யூதர் கோயிலுக்குப் போனா பூட்டியிருந்துச்சு" என்பார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் அரண்மனை பூட்டியிருந்ததாகச் சொல்வார்கள். ஊர் சின்னதுதானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவதால் வரும் வினை இது. ஊர் சின்னதுதான். ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் தனி விடுமுறை நாள், தனி இடைவேளை. எதை முதலில் பார்ப்பது என்பதை அந்தக் கதவுகள் திறக்கும் நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். மீதியெல்லாம் தானாக அமையும்.

கீழே உள்ள வரிசை ஒரு முழு நாளுக்கானது. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி இந்த வரிசைக்கு வந்து சேர்ந்தேன்.

1. முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள்

ரயில் டிக்கெட் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பரதேசி யூதர் கோயில் (சினகாக்) சனிக்கிழமை திறக்காது, அது அவர்களுடைய ஓய்வு நாள். அந்த ஓய்வு வெள்ளி மாலையே தொடங்கிவிடுவதால் வெள்ளி மதியத்துக்கு மேலும் அங்கே போய்ப் பயனில்லை. ஞாயிறு காலையில் தேவாலயங்களில் ஆராதனை நடக்கும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். பிஷப் இல்ல வளாகத்தில் உள்ள இந்தோ-போர்த்துகீசிய அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

ஆக மிஞ்சுவது செவ்வாய், புதன், வியாழன். நம்மில் பெரும்பாலோர் வெள்ளி இரவு ரயிலேறி சனி காலை வந்து இறங்குகிறோம். அப்படி வந்தால் யூதர் கோயில் கிடையாது. வார இறுதியை விட்டால் வழியில்லை என்றால் ஞாயிறை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையில் தேவாலயங்கள் பிற்பகலில்தான் வருகின்றன என்பதால் காலை ஆராதனை குறுக்கே வராது.

யூதர் பண்டிகைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் அவர்களுடைய புத்தாண்டும் அதையொட்டிய நாள்களும் வரிசையாக வரும். புதன்கிழமைதானே என்று போய் நின்றாலும் அப்போது கதவு பூட்டியிருக்கலாம்.

2. மாதம்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. சுவர்களின் பாசியும் நிறமும் அப்போதுதான் அழகு என்றாலும் நடந்து பார்ப்பது சிரமம். மார்ச் கடைசி முதல் மே வரை வியர்வையே ஆளைத் தின்றுவிடும்.

டிசம்பரின் கடைசி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கொச்சி கார்னிவல் நடக்கும், புத்தாண்டு இரவில் பாப்பாஞ்சி என்ற பெரிய பொம்மையைக் கொளுத்துவார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்காகவே போகிறவர்கள் போகலாம். கட்டடம் பார்க்கப் போகிறவருக்குப் படகில் ஏறுவதே பெரும்பாடாகிவிடும்.

இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் கொச்சி-முசிறிஸ் பியன்னாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கிற மாதங்களில் போக முடிந்தால் விடாதீர்கள். ஓவியத்தில் ஆர்வம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மற்ற நாள்களில் வெளியிலிருந்து மட்டும் பார்க்கக்கூடிய தண்ணீரோரப் பண்டகசாலைகள் சிலவற்றுக்குள் அப்போது டிக்கெட் எடுத்து நுழையலாம். உத்தரம், ஓடு, படகு வந்து நிற்கும் படித்துறை எல்லாவற்றையும் உள்ளிருந்தே பார்த்துவிடலாம்.

3. எங்கே தங்குவது, வண்டியை எங்கே விடுவது

முடிந்தால் முந்தின நாள் இரவே ஃபோர்ட் கொச்சிக்குள் போய்த் தங்குங்கள். காலை ஏழு மணிக்குக் கடலோரத்தில் நிற்க இதைவிட எளிய வழி இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. அங்கே ஹோம்ஸ்டேக்கள் பலவும் பழைய வீடுகள்தான். தெருவிலிருந்து பார்த்தால் சுவர் மட்டும் தெரியும் வீட்டின் உள்கூடத்தையும் மாடிப்படியையும் நிதானமாகப் பார்க்க, அங்கேயே ஓர் இரவு படுத்து எழுவதைவிட நல்ல வழி இல்லை.

எர்ணாகுளத்தில்தான் தங்குகிறீர்கள் என்றால் தண்ணீர் வழியாக வாருங்கள். சாலையில் தோப்பும்படி வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், நெரிசல் நேரத்தில் பொறுமை போய்விடும். அரசுப் படகு எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து அதிகாலையிலேயே ஓடத் தொடங்கிவிடும். கட்டணம் சில்லறைக் காசு. வாட்டர் மெட்ரோ ஹைகோர்ட் முனையத்திலிருந்து கிளம்பும். குளிர்சாதன வசதி உண்டு, கட்டணம் கூடுதல். அதில் ஆள் எண்ணிக்கை பார்த்துத்தான் ஏற்றுவார்கள். விடுமுறை நாளில் ஒரு படகை விட்டு அடுத்த படகுக்கு நிற்க நேரலாம். காலைக்கு அரசுப் படகு, திரும்புவதற்கு வாட்டர் மெட்ரோ என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வருகிறவர்கள் வேனோடு ஃபோர்ட் கொச்சிக்குள் வர ஆசைப்படுவார்கள். வேண்டாம். தெருக்கள் குறுகல், நிறுத்த இடமில்லை. டிரைவர் ஓரிடத்தில் நிற்க, நீங்கள் ஓரிடத்தில் நிற்க, நாள் முழுக்க போனிலேயே போகும். வேனை எர்ணாகுளத்தில் விட்டுவிட்டுப் படகேறுங்கள்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

தோளையும் முழங்காலையும் மூடும் உடை. யூதர் கோயிலில் கையில்லாத மேல்சட்டைக்கும் அரைக்கால் சட்டைக்கும் அனுமதி இல்லை. வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மெல்லிய துண்டோ துப்பட்டாவோ ஒன்று கூடவே இருக்கட்டும்.

சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பு. கயிறு கட்டும் ஷூ போட்டு வருகிறவர்களுக்காகக் கூட்டம் முழுவதும் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கொஞ்சம், தண்ணீர், குடை. குடை மழைக்கு மட்டும் இல்லை. காலை பத்து மணிக்கு மேல் அங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். பெரிய பையைத் தங்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

5. காலை ஏழு மணி: சீன வலைகள்

வாஸ்கோ சதுக்கத்தை ஒட்டிய கடலோரத்தில் நிற்கின்றன. எல்லோரும் மாலையில் படம் எடுக்கப் போகிறார்கள். வலை வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் காலைதான் சரி. மீனவர்கள் ஓதத்தை, அதாவது கடல் ஏறி இறங்குவதை, பார்த்துத்தான் வலை இறக்குவார்கள். இறக்காத நேரத்தில் போனால் வானத்தில் விரித்துப் போட்ட வலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு வலை இறங்கி ஏறுவதை முழுதாகப் பாருங்கள். நம் ஊர்க் கிணற்று ஏற்றம் போலத்தான். முன்பக்கம் நீண்ட மரக்கைகளில் வலை, பின்பக்கம் கயிறுகளில் தொங்கும் கருங்கற்கள். ஓர் ஆள் நடுமரத்தின் மேல் மெல்ல நடந்து போனாலே எடை மாறி வலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். தூக்கும்போது நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். கற்கள் ஒரே உயரத்தில் தொங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வலை மேலே வர வர ஒவ்வொரு கல்லாக மேடையில் வந்து உட்காரும். அதற்கு ஏற்ப எதிர் எடையும் படிப்படியாகக் குறையும். அதனால்தான் அவ்வளவு பெரிய வலை படாரென்று எகிறாமல் நிதானமாக எழுகிறது.

மேடைமேல் ஏறச் சொல்லிக் கூப்பிடுவார்கள், கயிற்றை இழுத்துப் பாருங்கள் என்பார்கள். நல்ல அனுபவம்தான். பிறகு காசு கேட்பார்கள், அதுவும் நியாயம்தான். எவ்வளவு என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு பேசினால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு.

அப்புறம் கரையோரமாக ஒரு நடை. துருப்பிடித்துக் கிடக்கும் பெரிய இரும்புக் கொதிகலன்கள் துறைமுக வேலைக்காக நீராவி ஓடிய காலத்து மிச்சம். போர்த்துகீசியரின் இம்மானுவேல் கோட்டையில் மிஞ்சியவை சில துண்டுகள்தான். "கோட்டை எங்கே?" என்று கேட்டு அலையாதீர்கள். ஊர்ப் பெயரில் இருக்கும் கோட்டை ஊரில் இல்லை. டச்சுக்காரர்கள் பாதியைச் சுருக்கினார்கள், ஆங்கிலேயர் 1806-ல் மீதியைத் தகர்த்தார்கள்.

தேவாலயம் பக்கத்திலேயே இருக்கிறதே, இப்போதே பார்த்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். தேவாலயம், பேராலயம், தெருக்கள் என்று இழுத்துக்கொண்டே போய், மட்டாஞ்சேரிக்கு ஒன்றேகால் மணிக்கு வந்து சேர்வார்கள். யூதர் கோயில் ஒரு மணிக்கு மூடி மூன்று மணிக்குத்தான் திறக்கும். இரண்டு மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். தேவாலயங்களைப் பிற்பகலுக்குத் தள்ளிவையுங்கள். காலைச் சிற்றுண்டியை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு ஆட்டோ பிடியுங்கள்.

6. ஆட்டோவில் ஏறும்போது

மட்டாஞ்சேரி மூன்று கிலோமீட்டருக்குள்தான். ஏறும் முன்பே, "நேரா ஜூ டவுன், நடுவுல எங்கயும் நிக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். யூதர் கோயில் இருக்கும் பகுதிக்கு அதுதான் பெயர். தமிழிலேயே சொல்லலாம், புரியும்.

சொல்லாவிட்டால், "சார், ஒரே ஒரு கடை, அஞ்சு நிமிஷம், வாங்க வேண்டாம், பார்த்தா போதும்" என்று ஆரம்பிப்பார்கள். கைவினைப் பொருள் விற்கும் பெரிய கடைகளில் ஆளைக் கொண்டுவந்து விட்டால் ஓட்டுநருக்கு ஏதாவது கிடைக்கும். மிகக் குறைந்த கட்டணத்தில் ஊரையே சுற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கு இதில்தான் நேராகும். உங்களுக்குப் பத்து மணிக்குப் போக வேண்டிய இடம் இருக்கிறது. "இன்னைக்கு சினகாக் லீவு சார்" என்ற பேச்சும் காதில் விழும். வெள்ளியும் சனியும் இல்லையென்றால், பண்டிகையும் இல்லையென்றால், நேரில் போய்ப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

7. பத்து மணி: பரதேசி யூதர் கோயில்

அரண்மனையும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில்தான். இருந்தாலும் முதலில் இங்கே வாருங்கள். காரணம் இரண்டு. அரண்மனை மதியத்திலும் திறந்திருக்கும், இது ஒரு மணிக்கு மூடிவிடும். இன்னொன்று, கூடம் சின்னது. குளிர்காலத்தில் வெலிங்டன் தீவில் உல்லாசக் கப்பல் நிற்கும் நாள்களில் பதினோரு மணிக்குள் பேருந்து பேருந்தாக ஆள்கள் வந்துவிடுவார்கள். அதற்கு முன் உள்ளே போய்விட வேண்டும்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழையுங்கள். 1568-ல் கட்டப்பட்டது. புதிதாக வருகிறவர்கள் உள்ளே போனதும் அண்ணாந்து விளக்குகளையே பார்ப்பார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த கண்ணாடிச் சரவிளக்குகள், அழகுதான். ஆனால் முதலில் தரையைப் பாருங்கள். நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள், 18-ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்தவை, ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. பக்கத்துப் பக்கத்து ஓடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே மரம், அதே ஆறு போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் ஒன்றில் கிளை வளைந்திருக்கும், இன்னொன்றில் தூரிகை அழுத்தி நீலம் கருத்திருக்கும். சுவரோர இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால்தான் இது பிடிபடும். நின்றுகொண்டு பார்த்தால் வெறும் நீலக் கட்டம்தான்.

பிறகு நடுவே பித்தளைக் கம்பிகள் வளைத்த மேடை. வேதம் வாசிக்கும் இடம் அது. மாடத்திலும் அதேபோல் இரண்டாவது மேடை ஒன்று உண்டு. இப்படி இரண்டு மேடைகள் இருப்பது கேரளத்து யூதர் கோயில்களின் தனி வழக்கம்.

முற்றத்துச் சுவரில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறது. எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். கொச்சங்காடி என்ற இடத்தில் முன்பு இருந்து அழிந்துபோன யூதர் கோயிலின் கல் அது, 1344-ஆம் ஆண்டுடையது. அது பதிந்திருக்கும் கோயிலைவிட இருநூறு ஆண்டுக்கு மேல் பழையது.

வெளியே வந்ததும் மணிக்கூண்டைச் சுற்றிப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது. கடிகாரத்தின் முகங்களில் எண்கள் வெவ்வேறு எழுத்தில் இருக்கும். கோயிலுக்குள் படம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு, வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் யூதர்கள். அது வழிபாட்டு இடம் என்பது மனதில் இருக்கட்டும், குரலைத் தாழ்த்துங்கள்.

8. பதினோரு மணி: மட்டாஞ்சேரி அரண்மனை

டச்சு அரண்மனை என்ற பெயரைக் கேட்டுவிட்டுப் பெரிய வெள்ளைக்கார மாளிகையை எதிர்பார்த்து வருகிறவர்கள் வாசலிலேயே ஏமாந்துவிடுவார்கள். போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டி கொச்சி அரசருக்குக் கொடுத்தது. 1663-க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது. அமைப்பு முழுக்க கேரளத்து நாலுகெட்டு, அதாவது நடுவில் முற்றம் விட்டு நாற்புறமும் கட்டுவது. நடு முற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில்.

நேராக அரசரின் பள்ளியறைக்குப் போங்கள். சுவர் முழுக்க ராமாயணம். தசரதன் வேள்வியில் தொடங்கி ராமர் அயோத்திக்குத் திரும்புவது வரை தொடர்ச்சியாகப் போகிறது. ஆள்மேல் ஆளாக நெருக்கி வரைந்திருப்பதால் முதல் பார்வையில் ஒன்றும் விளங்காது. காவியும் பச்சையும் கண்ணில் குழையும். தொடக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மீதியைக் கதை தெரிந்த நாமே படித்துக்கொண்டு போகலாம். இந்த விஷயத்தில் வெளிநாட்டுப் பயணிகளைவிட நமக்கு வசதி அதிகம். எங்கள் வீட்டுப் பாட்டி ஒருவர் கையேடு எதுவும் இல்லாமல் மொத்தச் சுவரையும் பேரன்களுக்குச் சொல்லி முடித்தார்.

கீழ்த்தளத்துப் பெண்கள் அறையில் கண்ணன், கோபியர், சிவன்–மோகினி ஓவியங்கள். படி செங்குத்து, தலைக்கு மேலே உத்தரம் தாழ்வு. உயரமானவர்கள் பார்த்து இறங்கவும்.

தரை கறுப்புப் பளிங்கு போல இருக்கும். பளிங்கு இல்லை. எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, செடிச் சாறு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்பார்கள். ஓவியங்களைப் படம் எடுக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், காவலர்கள் கண்டிப்பானவர்கள்.

கூட்டம் வந்துவிட்டால் பட்டாபிஷேக மண்டபத்துப் படங்களையும் பல்லக்குகளையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கொச்சியின் டச்சு வரைபடம் இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். காலையில் நீங்கள் நடந்த கரை அன்று எப்படி இருந்தது என்று அதில் தெரியும்.

9. மதியச் சாப்பாடு

மட்டாஞ்சேரியிலேயே சாப்பிடுங்கள். நியூ ரோட்டில் இருக்கும் காயீஸ் பிரியாணிக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட வேண்டும், நேரமானால் தீர்ந்துபோகும். சைவம் வேண்டுமென்றால் கொங்கணியரும் குஜராத்திகளும் தலைமுறைகளாக இருக்கும் ஊர் இது. அந்தத் தெருக்களில் கிடைக்கும். சாப்பிட்டதும் கிளம்ப வேண்டாம், இரண்டு மணி வரை உட்காருங்கள்.

10. இரண்டு மணி: பஜார் ரோடு வழியாக நடை

ஃபோர்ட் கொச்சிக்குத் திரும்புவதை ஆட்டோவில் முடித்துவிடுவார்கள் பலர். இந்த நாளின் நல்ல பகுதியை அப்படித்தான் இழக்கிறார்கள். ஜூ டவுனிலிருந்து வடக்கே, தண்ணீரை ஒட்டியே போகும் பஜார் ரோட்டில் நடந்து போங்கள். கல்வத்தி வரை மெதுவாக நடந்தால் முக்கால் மணி நேரம்.

பிற்பகலில் நடக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தெரு ஊரின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஓடுகிறது. இரண்டு மணிக்கு மேல் மேற்கு வரிசைக் கட்டடங்களின் நிழல் தெருவில் விழத் தொடங்கிவிடும். காலையில் வந்தால் வெயிலுக்கும் சுமை ஏற்றும் லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

இங்கே தனியாக ஒரு நினைவுச்சின்னம் என்று எதுவும் இல்லை, தெருவேதான் பார்க்க வேண்டியது. ஓட்டுக் கூரை, மரச்சட்ட ஜன்னல், உயர்ந்த இரட்டைக் கதவு. கதவு திறந்திருந்தால் உள்ளே நீளமாகப் போகும் முற்றமும் அதன் கடைசியில் ஒரு துண்டு காயலும் தெரியும். சரக்கு தண்ணீர்ப் பக்கம் இறங்கி, தெருப்பக்கம் விற்பனைக்கு வந்தது. ஒவ்வொரு பண்டகசாலையும் இந்த இரண்டு வாசலுக்கு நடுவில் இழுத்துக் கட்டியதுதான். சுக்கும் மிளகும் வாசம் அடிக்கும் இடங்களில் இன்னும் வியாபாரம் நடக்கிறது. "சேட்டா, ஒண்ணு பார்த்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். கேட்காமல் கேமராவோடு நுழைந்தால் முறைப்பார்கள், அதில் தவறில்லை.

சுவர்ப் பூச்சு உதிர்ந்த இடங்களில் நின்று உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே வெட்டுக்கல் என்று சொல்லும் செம்புறாங்கல். துளை துளையாக இருப்பதால் மழை ஈரத்தைக் குடித்துவிடும்; அதனால்தான் மேலே சுண்ணாம்புப் பூச்சு. அந்தப் பூச்சுக்குப் பதில் சிமென்ட் பூசிய சுவர்களில் ஈரம் வெளியேற வழியில்லாமல் கீழ்ப்பகுதி பொரிந்து போயிருப்பதையும் காணலாம்.

ஞாயிற்றுக்கிழமை பஜார் ரோட்டில் கடைகள் மூடியிருக்கும். கட்டட முகப்புகள் மறைப்பில்லாமல் தெரியும், ஆனால் தெருவில் உயிர் இருக்காது. இரண்டில் எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.

கல்வத்தி கால்வாயைத் தாண்டியதும் ஊரின் முகமே மாறும். நெருக்கடியான கடைத்தெரு போய், அகலமான மைதானமும் தோட்டம் வைத்த பங்களாக்களும் வரும். 1967-ல் ஒரே மாநகராட்சியாகச் சேர்க்கும் வரை இவை தனித்தனி நகராட்சிகள். ஆங்கிலேயர் காலத்தில் ஃபோர்ட் கொச்சி அவர்களிடமும் மட்டாஞ்சேரி கொச்சி அரசரிடமும் இருந்தன. அந்தப் பழைய எல்லையை இன்றும் காலால் உணரலாம்.

11. மூன்றேகால் மணி: இரண்டு தேவாலயங்களும் ஒரு கல்லறையும்

முதலில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503-ல் போர்த்துகீசியர் மரத்தால் தொடங்கியது, பின்னர் கல்லானது. பிறகு டச்சுக்காரரிடம், ஆங்கிலேயரிடம் கைமாறி இப்போது தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. வாஸ்கோ ட காமாவை 1524-ல் இங்கே புதைத்தார்கள். உடல் பிற்பாடு போர்த்துகலுக்குப் போய்விட்டது, கல் மட்டும் தரையில் இருக்கிறது. கூட்டம் அந்த ஒரு கல்லைச் சுற்றியே நிற்கும். நீங்கள் சுவர்களைப் பாருங்கள். தரையிலிருந்து பெயர்த்து சுவரில் நிறுத்திய போர்த்துகீசிய, டச்சுக் கல்லறைக் கற்கள், கப்பலும் மண்டையோடும் குலச்சின்னமும் செதுக்கியவை.

மேலே நீளமாகத் தொங்கும் துணி விசிறிகளையும் பார்க்க வேண்டும். அவற்றின் கயிறு சுவர்த் துளை வழியாக வெளியே போகும். வெளியில் நின்று ஆள்கள் இழுக்க, உள்ளே பிரார்த்தனை நடந்திருக்கிறது. வெளியே வந்து அந்தத் துளைகளைச் சுவரில் தேடுங்கள், குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு.

டச்சுக் கல்லறைத் தோட்டம் அங்கிருந்து நடக்கும் தொலைவில், கடற்கரைப் பக்கம். 1724-ல் ஏற்பட்டது. பெரும்பாலும் பூட்டியிருக்கும். நேராக அங்கே போய் வாசலில் நின்று திரும்பிவிடாமல், தேவாலயத்தில் இருக்கும்போதே திறக்க முடியுமா என்று கேளுங்கள். அதைப் பார்த்துக்கொள்வதும் இந்தத் தேவாலயம்தான். சரியென்றால் நல்லது. இல்லையென்றாலும் கம்பி வழியாகவே கூர்நுனிக் கல்லறைகள் நன்றாகத் தெரியும்.

சாந்தா குரூஸ் பேராலயத்துக்கு நாலரைக்குள் போய்விடுங்கள், மாலைத் திருப்பலி தொடங்கிவிட்டால் சுற்றிப் பார்க்க முடியாது. பழைய பேராலயத்தை ஆங்கிலேயர் 1795-ல் இடித்துவிட்டார்கள். இப்போதிருப்பது 1905-ல் அர்ப்பணிக்கப்பட்டது. பழையதன் கருங்கல் தூண் ஒன்று வளாகத்தில் நிற்கிறது. உள்ளே மேற்கூரை ஓவியங்கள் அந்தோனியோ மோஸ்கேனி என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவியுடைய வேலை. மங்களூரு அலோசியஸ் கல்லூரிச் சிற்றாலயத்தை வரைந்தவரும் அவர்தான். பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள், கழுத்து வலிக்காது.

12. ஐந்து மணி: தெருக்கள்

பரேடு மைதானத்தைச் சுற்றி, பிரின்சஸ் தெரு, ரோஸ் தெரு, பர்கர் தெரு. பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், நல்ல நிழல். டேவிட் ஹால் டச்சுக் காலத்துக் கட்டடம். வி.ஓ.சி. வாயில் 1740-ஐச் சேர்ந்தது. அந்த எழுத்துகள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. நம்மவர்கள் வ.உ.சி. என்று நினைத்து ஒரு நொடி புல்லரித்துப் போவதுண்டு.

புதுச்சேரி போலப் பளிச்சென்ற வரிசை வீடுகளை இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஒரே வீட்டில் போர்த்துகீசியச் சுவர், டச்சு முகப்பு, ஆங்கிலேயர் சேர்த்த தாழ்வாரம் என்று அடுக்கடுக்காக இருக்கும். பழைய வீடுகள் சில இப்போது விடுதிகள். கோடர் ஹவுஸ் போன்ற இடத்தில் ஒரு காபி குடித்தால் உள்ளே மரத்தரையும் மாடிப்படியும் பார்த்துவிடலாம்.

நேரம் மிச்சமிருந்து, கட்டடங்கள் அலுத்தும் போயிருந்தால் வெளி (Veli) என்ற பகுதியில் உள்ள தோபிகானா என்ற சலவைக் கூடத்துக்குப் போங்கள். டச்சுக் காலத்தில் படையினரின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழிவந்த வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே வேலை செய்கின்றன. கல்லில் துவைத்து, கயிற்றின் முறுக்கிலேயே கிளிப் இல்லாமல் துணி செருகி உலர்த்துவார்கள். அங்கே உங்கள் தமிழுக்குத் தமிழிலேயே பதில் வரும். அங்கேயும் வேலை நடக்கும் இடம், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். மாலையில் வேலை முடிந்திருக்கலாம் என்பதால், இதையே முக்கியமாக நினைப்பவர்கள் மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

13. சூரியன் மறையும் நேரம்

கரையில் சீன வலைகளுக்கு முன்னால் நெருக்கியடிக்க வேண்டாம். எதிர்க்கரையில் உள்ள வைப்பினுக்குப் போகும் ரோ-ரோ படகில் ஏறுங்கள். வண்டிகளையும் ஆள்களையும் சேர்த்து ஏற்றும் அகலமான படகு, சில நிமிடப் பயணம், சொற்பக் கட்டணம். போகும்போதும் வரும்போதும் கடல் வாயும் வலைகளும் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து தெரியும். வண்டிகள் இறங்கும் வழியில் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். ஆறு மணியை ஒட்டி ஏறினால் சரியாக இருக்கும், அதற்குப் பிறகு வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம் சேர்ந்துவிடும்.

எர்ணாகுளத்தில் தங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். வைப்பின் கரையிலிருந்தே ஹைகோர்ட் முனையத்துக்கு வாட்டர் மெட்ரோ இருக்கிறது. ஃபோர்ட் கொச்சிக்குத் திரும்பி அங்கே வரிசையில் நிற்க வேண்டியதில்லை. எப்படிப் போவதானாலும் அன்றைய கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் வந்து இறங்கும்போதே கவுண்டரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் தோப்பும்படி சுற்றி ஆட்டோவில் போக வேண்டும், இரவு நேரத்தில் கேட்கிற கட்டணத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும்.